பழைய காரின் மீட்டர் விளக்குகள்: எர்த்திலிருந்து எல்.இ.டி. வரை

மார்கழி இரவில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் திரும்பும்போது, பாபநாசம் தாண்டியபின் வயலும் பனியும் இருட்டும்தான் துணைக்கு வரும். அந்த இருட்டில் எங்கள் வீட்டு அம்பாசடரின் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே என் தந்தையார் சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச் வைத்திருப்பார். வண்டி என் கைக்கு வந்தபோது, மீட்டர் விளக்குகளைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன். அந்த வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது. முதல் முறை தவறாகவும், இரண்டாம் முறை பொறுமையாகவும் செய்ததில் கற்றுக்கொண்டவற்றை, அதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். என் கையில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் என்றாலும், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற அக்காலத்து வண்டிகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் முறை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் வண்டியை விட்டேன். மாலையில் போய்ப் பார்த்தபோது டாஷ்போர்டு முழுவதும் நீல வெளிச்சத்தில் தகதகவென்று எரிந்தது. திருவிழாப் பந்தல் தோற்றது. பழைய பல்புகள் அத்தனையையும் கழற்றிவிட்டு, பேட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் எரிந்து எச்சரிக்கும் சார்ஜ் விளக்கு உட்பட எல்லா இடத்திலும் எல்.இ.டி. போட்டிருந்தார்கள். இரவில் ஓட்டினால் மீட்டர்களின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைத்தது. அதைவிட மோசம், இன்ஜின் ஓடும்போதும் சார்ஜ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, எல்.இ.டி. என்றால் அப்படி லேசாக எரியத்தான் செய்யும் என்றார்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக மூன்று நாட்கள் ஓட்டிய பிறகு, சுவாமிமலையில் பேட்டரி அறவே இறங்கி வண்டி நின்றுவிட்டது. தரிசனம் முடித்து வந்த நான்கு பேர் தள்ளித்தான் கிளப்ப முடிந்தது. ஏன் அப்படி ஆனது என்பதைப் பின்னால் விளக்குகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பணச்செலவு வைக்கக்கூடிய தவறுகளில் அதுவும் ஒன்று.

அதன்பின் கும்பகோணத்தில் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் பல்பைப் பார்க்கவேயில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பல்ப அப்பறம் பாப்போம், மொதல்ல எர்த்தப் பாருங்க" என்றார். எர்த் என்பது, மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. அவர் சொன்ன வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது.

வெளிச்சம் ஏன் குறைந்தது

பழைய கார்களின் மீட்டர் விளக்குகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 2.2 வாட் பல்புகளே இருந்தன. அவை புதிதாக இருந்த காலத்திலும் பிரகாசமானவை அல்ல. ஆனால் முள்ளைப் படிக்கப் போதுமானவை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அந்த வெளிச்சம் மங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: பல்புக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறைவது, மீட்டரின் உட்புறத்தில் பூசிய வெள்ளை வண்ணம் பழுப்பேறுவது, நிறத் தகடும் கண்ணாடியும் அழுக்கடைவது. பல்பு பழையதாகிக் கண்ணாடி கறுப்பதும் உண்டு என்றாலும், அது கடைசிக் காரணம்.

மின்னழுத்தத்தை இங்கே இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ மின்னழுத்தத்தின் மூன்றரை அடுக்குக்கு (power) ஏற்பக் குறைகிறது. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால், மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, ஆனால் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அந்த 2 வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்தால், பல்பை மாற்றாமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, பார்க் விளக்கையும் மீட்டர் விளக்கையும் போட்டுக்கொண்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்து, சிவப்பு முனையால் பல்பு ஹோல்டரின் உலோக உடலைத் தொட வேண்டும். அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது என்று பொருள். என் வண்டியில் ஒன்றரை வோல்ட் காட்டியது. அடுத்ததாக ஹோல்டருக்கு வரும் சப்ளை முனையைத் தொட்டுப் பார்த்தால், பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் லைட் சுவிட்சின் உட்பக்கமோ, இடையில் உள்ள இணைப்புகளோ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோ மின்னழுத்தத்தைத் தின்கின்றன.

நம் பக்கத்தில் எர்த் கெடுவதற்குத் தனிக் காரணம் தேடவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் ஈரம் காயாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பித்தளை ஹோல்டரில் பச்சைக் களிம்பும், இரும்புத் தகட்டில் துருவும் ஏறிவிடும். ஹோல்டர் மீட்டரின் உலோக உடலைத் தொட்டு, மீட்டர் டாஷ்போர்டுத் தகட்டைத் தொட்டு, தகடு பாடியைத் தொட்டு, இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் எர்த் பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது. வழியில் ஏதேனும் ஓர் இடத்தில் துருப்பிடித்திருந்தாலும் விளக்கு மங்கிவிடும்.

எலியையும் சொல்லியாக வேண்டும். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்து பத்தாயம் நிறையும் தை, மாசி மாதங்களில், ஷெட்டில் நிற்கும் காருக்குள் எலி குடியேறுவது டெல்டாக் கிராமங்களில் அன்றாடம் நடப்பது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இருட்டும் கதகதப்பும் அதற்கு மிகவும் பிடித்தவை. கடிபட்ட ஒயரைக் கண்டால் அந்த இடத்தில் மட்டும் டேப் சுற்றிவிட்டுப் போகக் கூடாது. கடிபட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதிய ஒயரை ஈயப்பற்று வைத்து இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். பழைய வண்டிகளில் பருத்தி நூல் பின்னிய ஒயர்கள் இருந்தால், உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கலாம். அவற்றை வளைத்துப் பார்த்து, வெடித்தால் முழு நீளத்தையும் மாற்றிவிடுவது நல்லது.

மீட்டரைக் கழற்றுவது

முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் உள்ள வண்டிகளில் பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் ஃபியூஸ் ஏதுமின்றி நேராக டாஷ்போர்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சாவி அணைந்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் நழுவி அதற்கும் தகட்டுக்கும் நடுவே விழுந்தால் ஒயரிங் முழுவதும் சில நொடிகளில் புகைந்துவிடும்.

கழற்றும்போதே எந்த முனையின் தடித்த கேபிள் பாடியில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது நெகடிவ் முனையாக இருக்கும். ஆனால் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிடிவ் எர்த் வழக்கத்தில் இருந்தது. இழை பல்புக்கு எந்தத் திசையும் ஒன்றுதான், எல்.இ.டி.க்கு அப்படியல்ல. மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பார்வையில் ஒரு நாள் குழப்பத்தைத் தவிர்க்கலாம்.

பிறகு, எதையும் தொடுவதற்கு முன் பின்புறத்தைக் கைப்பேசியில் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒயர்களின் நிறத்தை நம்பி இறங்கக் கூடாது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை கைகள் அதில் என்ன மாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது, தூசு படிந்து எல்லாம் ஒரே நிறமாகவும் இருக்கும். ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய காகித டேப்பைச் சுற்றி, அதே எண்ணை அது கழன்ற முனைக்குப் பக்கத்திலும் ஒட்டுவதுதான் பாதுகாப்பான முறை.

ஸ்பீடோமீட்டரின் பின்னால் உள்ள கேபிளின் திருகு வளையத்தைக் கையாலேயே கழற்றலாம். குறடு போட்டால் நசுங்கிவிடும். வெப்ப மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் மின்சாரத்தில் இயங்குபவையா, குழாயில் இயங்குபவையா என்று பார்க்காமல் எதையும் இழுக்கக் கூடாது. சில பழைய மாதிரிகளில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு இன்ஜினிலிருந்து நேராக ஒரு மெல்லிய குழாய் வரும். அதைக் கழற்றினால் ஆயில் கால்மிதியில் கொட்டும். வெப்ப மீட்டரின் நுண்குழாய் இன்னும் மென்மையானது; அதனுள் ஆவியாகும் திரவத்தை அடைத்து மூடியிருப்பார்கள், மடங்கி உடைந்தால் மீட்டரே போய்விடும். அந்த மீட்டர்களைக் கழற்றாமல், ஹோல்டரை மட்டும் பின்னாலிருந்து உருவியெடுத்து வேலை செய்வதே உத்தமம்.

எரிபொருள் மீட்டருக்குப் பக்கத்தில் சிறிய தகரப் பெட்டி போன்ற ஒன்று சில வண்டிகளில் இருக்கும். அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். எரிபொருள், வெப்ப மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்வது. அதை விளக்குக்கான பாகம் என்று எண்ணி யாரும் கழற்றிவிடக் கூடாது. அதன் எர்த் விட்டுப்போனால் முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போய், பாதி டாங்க் பெட்ரோலை நிறைந்ததாகக் காட்டும். நன்றாக இருக்கும் இன்ஜினைச் சூடேறியதாகக் காட்டும். விளக்கு மாற்றியபின் பெட்ரோல் முள் திடீரென்று தாராளமாக நடந்துகொண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

துடைப்பதும் பூசுவதும்

பொறுமை மிகவும் தேவைப்படுவது இங்கேதான்; பலன் மிகுதியாகக் கிடைப்பதும் இங்கேதான். மீட்டரின் முன்புற வளையம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சிறு கொக்கிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். வளையத்தை மெல்லத் திருப்பினால் கொக்கிகள் உடலிலுள்ள வெட்டுகளுக்கு நேராக வந்து விடுபடும். திருப்ப வராவிட்டால் துருப்பிடித்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். திருப்புளியால் நெம்பினால் வளையம் கோணிவிடும், பிறகு எந்நாளும் கண்ணாடி சரியாக உட்காராது.

எண்கள் எழுதிய முகப்புத் தகட்டில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. பழைய அச்சு எழுத்துகள் அப்படியே கழன்று வந்துவிடும். தூசியைத் தட்ட, தஞ்சாவூர் ஓவியம் தீட்டுபவர்கள் பயன்படுத்தும் மிக மெல்லிய தூரிகையை வாங்கி வைத்திருக்கிறேன். முள்ளில் கை பட்டு வளைந்துவிடாமல், எண்களுக்கு இடையிலுள்ள தூசியை மட்டும் அது வாரிவிடும். இருட்டில் தானாக ஒளிரும் வண்ணம் பூசிய முள்ளோ எண்ணோ 1960-களுக்கு முந்தைய மீட்டரிலோ கடிகாரத்திலோ தென்பட்டால், அதைச் சுரண்டவும் ஊதவும் வேண்டாம். அக்காலத்து ஒளிரும் வண்ணங்களில் ரேடியம் கலப்பது வழக்கமாக இருந்தது. அதை மூடியபடியே விட்டுவிடுங்கள்.

கண்ணாடியை இருபுறமும் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கலாம். உட்புறத்தில் பச்சை அல்லது நீல நிறப் பிளாஸ்டிக் தகடு இருந்தால் அதையும் அப்படியே செய்யலாம்; வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும், நிழலில் வையுங்கள்.

மீட்டர் உடலின் உட்புறம் வெள்ளையாக இருந்தால்தான் பல்பின் ஒளி சுற்றிலும் சிதறி முகப்பு முழுவதும் சமமாகப் பரவும். பழுப்பேறியிருந்தால் மென்மையான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை வண்ணத்தை மெல்லியதாக இரண்டு பூச்சு பூச வேண்டும். பளபளப்பான வண்ணம் பூசினால் பல்பு இருக்கும் இடம் மட்டும் ஒரு பொட்டுபோல எரியும், மற்ற இடம் மங்கும். பூசும்போது இயங்கு பாகங்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்; ஆனால் ஸ்பிரே அடித்து முள்ளோடு சேர்த்து வெள்ளையாக்கிய ஒரு மீட்டரை நான் பார்த்திருக்கிறேன். வண்ணம் முழுவதும் காய இரண்டு நாட்கள் கொடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மூடினால், அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோலப் படியும்.

ஹோல்டர்களின் உட்புறக் களிம்பைச் சிறு துண்டு உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து நீக்கலாம். அடியிலுள்ள சுருள்வில் தளர்ந்திருந்தால் லேசாக இழுத்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்தபின், எல்லா ஹோல்டர்களுக்கும் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளமாகப் போதும். மீட்டர் உடல்களின் பூட்டுத் திருகுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கடைசி முனையை டாஷ்போர்டுக்குப் பின்னால் பாடியில் உள்ள ஏதேனும் ஒரு போல்ட்டில், வண்ணத்தைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். அதன்மேல் கொஞ்சம் வாசலின் தடவினால் மழைக்காலத்தில் துரு ஏறாது. இந்த நிலையில் பழைய பல்புகளையே போட்டு ஒரு முறை எரியவிட்டுப் பாருங்கள். என் வண்டியில் இப்படிச் செய்தபோது, எல்.இ.டி. உண்மையிலேயே தேவைதானா என்று ஒரு நாள் யோசித்தேன். பழைய தோற்றத்தைக் காக்க விரும்புகிறவர்கள் புதிய 2.2 வாட் பல்புகளைப் போட்டு இதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் குறையேதுமில்லை.

எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுப்பது

எல்.இ.டி.யின் முதல் நன்மை வெளிச்சமல்ல, குளிர்ச்சி. 2.2 வாட் பல்பு ஒன்று சுமார் 0.18 ஆம்பியர் இழுத்து, அதில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. நிறத் தகடுகள் வெளிறுவதற்கும் ஹோல்டர்கள் பொரிவதற்கும் அந்த வெப்பம் ஒரு காரணம். எல்.இ.டி. அதில் எட்டில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்துவிடும்.

வாங்கப் போகும்போது பழைய பல்பைக் கையில் எடுத்துப் போவதே சிறந்த வழி. திருகி மாட்டும் இ10 அடியும், அழுத்தித் திருப்பும் பி.ஏ.9.எஸ். அடியும் பழைய வண்டிகளில் அதிகம்; பின்னாளைய மீட்டர்களில் கண்ணாடி அடியுடன் செருகும் டி10, டி5 வகைகள் வரும். அடி மட்டுமல்லாமல் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், சில எல்.இ.டி.கள் பழைய பல்பைவிட நீளமாக இருந்து முகப்புத் தகட்டின் பின்புறத்தில் முட்டும். திசையும் முக்கியம். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும், எல்.இ.டி. தான் பார்க்கும் பக்கம் மட்டும் வீசும். பல்பு பக்கவாட்டில் நுழையும் மீட்டரில், நுனியில் மட்டும் ஒளி வீசும் சில்லு உள்ள எல்.இ.டி.யைப் போட்டால் எதிர்ச் சுவர்தான் எரியும். சுற்றிலும் சில்லுகள் உள்ளதாகவோ, பால்போன்ற மூடி உள்ளதாகவோ பார்த்து வாங்குங்கள். எந்தத் திசையில் மாட்டினாலும் எரியும் வகை கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே வாங்கலாம்; பாசிடிவ் எர்த் வண்டிக்காரர்களுக்கு வேறு கவலை இருக்காது.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இழை பல்பின் இதமான மஞ்சள் கலந்த வெண்மைக்கு மிக நெருங்கியது 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையுள்ள எல்.இ.டி. 6000 கெல்வினும் அதற்கு மேலும் உள்ளவை நீலம் பாய்ந்தவை. இருட்டுக்குப் பழகிய கண் நீல, பச்சை ஒளிக்கு மிக எளிதில் கூசும். அந்தப் பழக்கம் முழுமையாகத் திரும்ப அரைமணி நேரம்வரை ஆகலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்த பருவத்தில், வாய்க்கால் ததும்பும் குறுகிய கரைச் சாலையில் இரவில் ஓட்டுபவர்களுக்கு, ஸ்பீடோமீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது கரையின் விளிம்பு தெரியாமல் போவது சின்ன விஷயம் அல்ல.

பச்சைத் தகட்டுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் பச்சையாகவே தெரியும். தகடு உடைந்துபோய், அதற்குப் பதிலாக நேரடியாகப் பச்சை எல்.இ.டி. போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஒளியில் சிவப்பு சற்றும் இருக்காது என்பதால், சிவப்பு முள் இரவில் கறுப்பாகிக் கறுப்பு முகப்பில் கரைந்துவிடும். முள் வெள்ளை என்றால் பிரச்சினை இல்லை.

கையால் செய்ய விரும்புகிறவர்கள் தனி எல்.இ.டி.யும், அதில் ஓடும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் வாங்கிப் பழைய பல்பின் அடியிலேயே பற்றவைக்கலாம். வண்டி ஓடும்போது 12 அல்ல, 14.4 வோல்ட் வரை வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒன்று சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 11.2 வோல்ட். 20 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமானால் 560 ஓம் தேவை. அதில் கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் உண்டாவதால் அரை வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். மூன்றைத் தொடராக இணைத்தால் 240 ஓம் போதும். உண்மையில் மீட்டருக்கு 20 மில்லிஆம்பியர் அதிகம், 1.2 கிலோஓம் போட்டு 10 மில்லிஆம்பியருக்கும் கீழே ஓடவிட்டதே என் கண்ணுக்கு இதமாக இருந்தது.

தொடக் கூடாத விளக்குகள்

சுவாமிமலையில் நடந்ததற்கான காரணம் இதுதான். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் சார்ஜ் விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. சாவியைத் திருப்பியதும் அந்தப் பல்பின் வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுற்றுக்குள் முதல் காந்தத்தை எழுப்புகிறது. 2.2 வாட் பல்பு அதற்கு வேண்டிய 0.18 ஆம்பியரைத் தருகிறது, எல்.இ.டி. தருவது 0.02. அது போதாமல், இன்ஜினை வேகமாக முடுக்கும்வரை ஆல்டர்னேட்டர் தூங்குகிறது, பேட்டரி மட்டும் கரைகிறது. அதே வேலையைச் செய்யும் பழைய வகையான டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட என்னுடையது போன்ற வண்டிகளிலும் இதே கதைதான். ஆகவே அந்த இடத்தில் இழை பல்பையே விட்டுவிடுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் அது சுடும், பிளாஸ்டிக்கிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். ஒரு பல்பின் விலையில் தீர வேண்டியதற்கு இத்தனை பாடு எதற்கு என்பதே என் கேள்வி. டைனமோ உள்ள வண்டியில் சார்ஜ் ஆவது இதனால் நிற்காது, ஆனாலும் எல்.இ.டி. அரைகுறையாக மினுங்கி ஓட்டுபவரைக் குழப்பும்.

இண்டிகேட்டர் விளக்கையும் அப்படியே விடலாம். இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே விளக்கு உள்ள சில வண்டிகளில், மின்சாரம் ஒரு முறை ஒரு திசையிலும் மறுமுறை எதிர்த் திசையிலும் அதன் வழியே ஓடும். திசை பார்க்கும் எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். ஹைபீம் விளக்கில் எல்.இ.டி. போடலாம், ஆனால் நீல மூடிக்குப் பின்னால் அது கண்ணைக் குத்தும், உள்ளே ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் வைத்து அடக்க வேண்டியிருக்கும். ஆயில் விளக்குக்கு எல்.இ.டி. பொருந்தும், திசையைச் சரிபார்த்து மாட்டினால் போதும்.

டிம்மரும் ஃபியூஸும்

பழைய டிம்மர் என்பது கம்பிச் சுருள் சுற்றிய ஒரு தடை. அதில் எவ்வளவு மின்னழுத்தம் குறையும் என்பது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 2.2 வாட் பல்புகள் நான்கு எரியும்போது 4 வோல்ட்டுக்கு மேல் குறைந்து ஒளி நன்றாக அடங்கும். அதே இடத்தில் நான்கு எல்.இ.டி.கள் சேர்ந்து 0.08 ஆம்பியர்தான் இழுப்பதால் ஒரு வோல்ட்கூடக் குறையாது. குமிழைத் திருகிக்கொண்டே இருக்கலாம், வெளிச்சம் அப்படியே இருக்கும். இதற்கென்று பி.டபிள்யூ.எம். டிம்மர் என்ற சிறு சர்க்யூட் கிடைக்கிறது. மின்சாரத்தை விரைந்து விட்டு விட்டுத் தருவதன் மூலம் ஒளியைக் குறைப்பது. மலிவானவை ரேடியோவில் இரையும், மத்திய அலையில் திருச்சி வானொலி கேட்கிற பழக்கமுள்ளவர்களுக்கு அது எரிச்சலூட்டும். என் வண்டியில் டிம்மர் வைக்காமல், ரெசிஸ்டரிலேயே அளவை ஒருமுறை நிர்ணயித்துவிட்டேன்; பகலில் மீட்டர் விளக்கு தேவையில்லை, இரவு எல்லா நாளும் ஒரே இருட்டுதான்.

பழைய வண்டிகளில் ஃபியூஸ்கள் ஒன்றிரண்டே இருக்கும், பல சுற்றுகளுக்கு ஃபியூஸே இருக்காது. மீட்டர் விளக்குகளுக்குப் போகும் ஒயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கையோடு சேர்த்துவிடுங்கள். எலி மறுபடியும் வந்தால் ஃபியூஸோடு போகும்.

மாட்டியபின்

பேட்டரியை இணைப்பதற்கு முன், தொடக்கத்தில் எடுத்த படங்களோடு எல்லா ஒயர்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜினைக் கிளப்பியதும் சார்ஜ் விளக்கு அணைகிறதா, பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று அளந்தபிறகே மற்றதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் முன்பு நின்ற இடத்தில்தான் நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை ஷெட்டில் நின்று தீர்மானிக்க முடியாது. நிலா இல்லாத இரவில் ஊருக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் எல்லா விளக்கையும் அணைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, மீட்டர் விளக்கைப் போடுங்கள். கண் கூசினால் அதிகம். முன்கண்ணாடியில் எண்கள் நிழலாடினாலும் அதிகம். ஒரு நொடிப் பார்வையில் முள் நிற்கும் இடம் தெரிந்தால் அளவு சரி. நான் இந்தச் சோதனையைக் கல்லணைக் கால்வாய்க் கரையில் செய்தபோது, மூன்றில் இரண்டு மீட்டர்கள் சரியாக இருந்தன. ஸ்பீடோமீட்டரில் மட்டும் ஒரு பக்கம் வெளுத்துத் தெரிந்ததால், மறுநாள் அந்த எல்.இ.டி.யின் மூடியை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன்.

கழற்றிய பல்புகளில் நல்லவற்றை ஒரு சிறு டப்பாவில் பஞ்சு வைத்து டாஷ்போர்டு அறையில் போட்டு வைத்திருக்கிறேன். கார்த்திகை முடிந்து மழை விட்டதும், எர்த் போல்ட்டைத் திறந்து பார்த்து வாசலினைப் புதிதாகத் தடவுவதும், ஒயர்களில் பல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் ஆண்டுக்கு ஒரு முறை அரைமணி நேர வேலை. அந்த டார்ச் என் தந்தையாருடையதுதான்.